ஒரு கண்மாய்க்கு ஒரு துறை

மதுரையில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கோரிப்பாளையத்தில் பேருந்து ஏறித் தெப்பக்குளத்தில் இறங்குவதற்குள் அமெரிக்கன் கல்லூரி, மீனாட்சி கல்லூரி, மருத்துவக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி என்று எத்தனையோ வாசல்கள். தல்லாகுளத்தில் லேடி டோக், திருப்பரங்குன்றத்தில் பொறியியல் கல்லூரி, நாகமலை ஓரத்தில் 1966இல் தொடங்கிய காமராசர் பல்கலைக்கழகம். இவ்வளவு படிப்பு புழங்கும் ஊர், 2025 ஜூலையில் வெளியான மத்திய அரசின் தூய்மை நகரங்கள் ஆய்வில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களின் பட்டியலில் 40ஆவதாக நின்றது. மதிப்பெண் போட்ட முறை சரியில்லை என்று வாதாடலாம். பந்தல்குடி வாய்க்கால் கரையில் குடியிருப்பவர்கள் அப்படி வாதாட மாட்டார்கள். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் அவர்கள் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நகரமே பார்த்தது.

வாய்க்காலைத் தூர்வாருவது மாநகராட்சியின் வேலை, நீர்வளத் துறையின் வேலை. அதை மாணவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் அந்த வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் குறுகுகிறது, எத்தனை பாலங்களுக்கு அடியில் மண் மேடிட்டிருக்கிறது, 10 ஆண்டுகளுக்கு முன் அதன் அகலம் என்ன என்று கேட்டால் எடுத்து நீட்ட ஒரு நோட்டுப் புத்தகம் எந்தக் கல்லூரியில் இருக்கிறது? எனக்குள்ள ஆதங்கம் இதுதான். நம் மாணவர்கள் சமூகப் பணிக்குப் போகிறார்கள், உழைக்கிறார்கள், திரும்பி வருகிறார்கள். போன இடத்தைப் பற்றிய அறிவு மட்டும் எங்கும் சேர்வதில்லை.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரமாக இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். நம் பட்டப் படிப்புகளில் இது ‘பகுதி 5’ என்ற பெயரில் ஒரு கிரெடிட்டாக உட்கார்ந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும் சமூகப் பொறுப்புக்கென்று 2 கிரெடிட் பாடம் ஒன்றை வகுத்துக் கொடுத்து, பாதி நேரமாவது களத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மத்திய அரசின் உன்னத பாரத இயக்கத்தில் சேரும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். ஆக, வாய்ப்புகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முகாம் எப்படி நடக்கிறது என்பதை மதுரை வட்டாரத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஊர் நுழைவில் பிளக்ஸ் பேனர். தொடக்க விழாவில் பொன்னாடை. முதல் நாள் கோயில் வளாகத்தில் புல் வெட்டுவது, இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடிப்பது, நடுவில் ஒரு கண் பரிசோதனை முகாம், ஒரு போதை ஒழிப்புப் பேரணி, 50 மரக்கன்று. ஏழாம் நாள் நிறைவு விழா. படங்கள் ஒட்டிய அறிக்கை கல்லூரிக்குப் போகும், அங்கிருந்து தரமதிப்பீட்டுக் கோப்புக்குப் போகும். அடுத்த ஆண்டு வேறு ஊர். பள்ளிக்கூட வராந்தாவில் படுத்து, ஊராரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்த ஏழு நாட்கள் பல மாணவர்களின் வாழ்க்கையையே திருப்பியிருக்கின்றன. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த 50 கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று அடுத்த கோடையில் போய்ப் பார்க்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஊர்க்காரர்களுக்கும் இது பழகிவிட்டது. வந்த பிள்ளைகளுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தப் பக்கத்து மண்ணிலேயே வேறு விதமாக நடந்திருக்கிறது. கில்பர்ட் ஸ்லேட்டர் 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். தமிழ்நாட்டுக் கிராமம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் கிராமத்துப் பிள்ளைகள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு கேள்விப் படிவத்தைக் கொடுத்தார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, கிணறு எத்தனை, மாடு எத்தனை என்று எழுதி வரச் சொன்னார். அவர்கள் எழுதி வந்தவை 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய புத்தகமாக வந்தன. அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், தென்னாற்காட்டின் இருவேல்பட்டு எல்லாம் அதில் இருக்கின்றன.

புத்தகம் வந்ததோடு கதை நிற்கவில்லை. 1930களில் இன்னொரு குழு அதே கிராமங்களுக்குப் போனது. 1960களில் ஒரு முறை, 1980களில் ஒரு முறை, இந்த நூற்றாண்டிலும் ஒரு முறை போனார்கள். இருவேல்பட்டில் 1916 முதல் 2008 வரை நிலமும் கூலியும் சாதி உறவும் எப்படி மாறின என்று இன்று சொல்ல முடிவதற்கு, கோடை விடுமுறையில் ஊருக்குப் போன ஒரு மாணவர் உட்கார்ந்து எழுதிய பக்கங்கள்தான் அடித்தளம். அந்தப் பக்கங்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

காந்தியப் பொருளியலாளர் குமரப்பா செய்ததும் இதே வகையைச் சேர்ந்தது. 1929–30இல் குஜராத் வித்யாபீடத்தில் பேராசிரியராக இருந்தபோது, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாத்தர் வட்டத்தில் 54 கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். வரி கட்டிய பிறகு ஒரு குடும்பத்திடம் என்ன மிஞ்சுகிறது என்பதை எண்ணிக்கையாக எழுதினார்கள். அந்தக் குமரப்பா தன் கடைசி ஆண்டுகளைக் கழிக்கத் தேர்ந்தெடுத்த இடம், நம் மதுரை மாவட்டத்து டி.கல்லுப்பட்டி. அவர் பெயரைச் சொல்லிக் கருத்தரங்கம் நடத்துவதைவிட, கல்லுப்பட்டி ஒன்றியத்தில் ஒரு பொருளியல் துறை அப்படியொரு கணக்கெடுப்பைச் செய்வது அவருக்குப் பெரிய மரியாதை.

ஸ்லேட்டரின் முறையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. மாணவரை அவர் வேறு யாருடைய ஊருக்கும் அனுப்பவில்லை. சொந்த ஊருக்கே அனுப்பினார். நம் கல்லூரிகளுக்கு வரும் காலைப் பேருந்தைப் பாருங்கள். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் முதலில் பட்டம் படிக்கிறவர்கள் இன்னும் ஏராளம். மாலையில் கடைகளில் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. இவர்களிடம் ‘கிராமத்துக்குப் போய்ச் சேவை செய்’ என்று சொல்வதில் பொருளில்லை, இவர்கள் தினமும் கிராமத்துக்குத்தான் போகிறார்கள். தன் ஊர்க் கண்மாய், தன் ஊர் ரேஷன் கடை, தன் தெருச் சாக்கடை ஆகியவற்றைப் படிப்பின் கண்ணோடு பார்க்கச் சொல்லித்தருவது கல்லூரியின் வேலை. ஏழு நாள் வீட்டை விட்டு வெளியே தங்க அனுமதி கிடைக்காத பெண் பிள்ளைகளுக்கும் இதனால் வழி பிறக்கும்.

கண்மாயிலிருந்து தொடங்கலாம் என்பேன். மதுரைச் சமவெளியின் வாழ்வே கண்மாய்ச் சங்கிலிதான். ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்து. மாடக்குளம், வண்டியூர், அவனியாபுரம், சாமநத்தம் என்று எதைத் தொட்டாலும் மேலேயும் கீழேயும் இன்னொன்று இருக்கும். ஒரு துறை ஒரு கண்மாயை எடுத்துக்கொண்டால் முதல் கேள்வி, அது யாருடையது என்பது. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். பல ஊர்களில் படித்த இளைஞர்களுக்கே இது தெரியாது. மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அடுத்து கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து புலப்படம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கரை முழுக்க நடக்க வேண்டும். மடை எத்தனை, எதில் பலகை இருக்கிறது, எதைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள், கலுங்கின் கல் பெயர்ந்திருக்கிறதா, வரத்துக்கால் புதிய சாலைக்கு அடியில் எத்தனை அங்குலக் குழாய்க்குள் நுழைகிறது, உள்வாயில் சீமைக்கருவேலம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது. நீர்பாய்ச்சி இன்னும் இருக்கும் ஊர் என்றால் அவரோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றினால் போதும், பாதி நோட்டு நிரம்பிவிடும். எந்த மடையை எப்போது திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் ஏறும் என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் பிள்ளை திருப்பூரில் இருக்கிறார்.

வேதியியல் துறை நீரைச் சோதிக்கட்டும், தாவரவியல் துறை கரைச் செடிகளைக் குறிக்கட்டும், தமிழ்த் துறைக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நிறைய இருக்கிறது. ஒவ்வொரு மடைக்கும் ஒரு பெயர் உண்டு. ஒவ்வொரு வயல்வெளிக்கும் உண்டு. கண்மாயை வெட்டியவர் பற்றிக் கதையோ கல்வெட்டோ இருக்கும், கலுங்கடியில் ஒரு சாமி இருக்கும். 70 வயதைத் தாண்டியவர்களோடு இவை போய்க்கொண்டிருக்கின்றன. இதை எழுதி வைப்பதைவிடத் தகுதியான ஆய்வேட்டுத் தலைப்பு ஒரு முதுகலைத் தமிழ் மாணவருக்குக் கிடைக்காது.

எழுதி வைத்ததால் என்ன கிடைத்துவிடும் என்பவர்களுக்கு அரிட்டாபட்டி பதில் சொல்லும். மேலூர் பக்கத்தில் ஏழு குன்றுகள் சூழ்ந்த அந்த ஊரின் ஊற்றுகளையும் குளங்களையும் பறவைகளையும் உள்ளூர் ஆர்வலர்களும் பறவை நோக்குநர்களும் பல ஆண்டுகளாகப் பார்த்துக் குறித்துவந்தார்கள். லகர் வல்லூறு உட்பட சுமார் 250 வகைப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதியும் அடங்கியிருப்பது தெரியவந்தது. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டாரத்து மக்கள் தல்லாகுளம் வரை ஊர்வலமாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. போராடி வென்றவர்கள் ஊர் மக்கள், அதில் சந்தேகமில்லை. அவர்கள் கையில் அரசே கையெழுத்திட்ட ஒரு பட்டியல் இருந்ததும் அந்தப் போராட்டத்துக்குப் பலம். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். விலங்கியல், தாவரவியல் துறைகள் இறங்கினால் மேலூரிலும் கொட்டாம்பட்டியிலும் அவை அலமாரிக் காகிதமாக இல்லாமல் உயிரோடு இருக்கும்.

பேராசிரியர்களைப் பற்றிப் பேசாமல் மாணவர்களை மட்டும் பேசுவது சரியில்லை. மூன்றாண்டில் போய்விடுகிறவர் மாணவர். முப்பதாண்டு இருப்பவர் ஆசிரியர்தான். மதுரைக்கு இதில் இரண்டு பெரிய முன்னோடிகள் உண்டு.

கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியில் 20 ஆண்டுகள் கண் மருத்துவத் துறைத் தலைவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களாலேயே கண்புரை அறுவை செய்யப் பழகினார். அரசுப் பணியில் இருந்தபோதே ஊர் ஊராகக் கண் முகாம்களை நடத்தினார். 1976இல் 58 வயதில் ஓய்வுபெற்ற பிறகு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னாலேயே அந்த முகாம்கள் நடந்தன என்பதைத்தான் நம் கல்லூரிகள் நினைவில் வைக்க வேண்டும். சிகிச்சை இலவசம் என்றாலும் ஆள் வருவதில்லை. பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி, அங்கே சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற கவலை, அறுவை மீதான பயம். இவற்றைக் கண்டுகொண்டதால்தான் நோயாளியை அழைத்து வந்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடும் ஏற்பாடு பிறந்தது. மருத்துவப் பாடப் புத்தகத்தில் இதற்குப் பக்கம் கிடையாது.

இன்னொருவர் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா. வாசுதேவன். தெருவில் கிடக்கும் பிளாஸ்டிக் பையை என்ன செய்வது என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ஜல்லியைச் சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடேற்றி, பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், அது உருகி ஒவ்வொரு கல்லின்மேலும் மெல்லிய தோலாகப் படிகிறது. அதற்குப் பிறகு தாரைச் சேர்த்தால் பிடிப்பு கூடுகிறது, தண்ணீர் கல்லுக்குள் இறங்குவது குறைகிறது, தாரிலும் கொஞ்சம் மிச்சமாகிறது. 2002இல் கல்லூரி வளாகத்திலேயே அப்படியொரு சாலையைப் போட்டுப் பார்த்தார். 2006இல் காப்புரிமை, 2018இல் பத்மஸ்ரீ. இன்று நாட்டின் பல மாநிலங்களில் அந்த முறையில் சாலை போடுகிறார்கள். அந்த முறை பிறந்த நகரத்தில் பிளாஸ்டிக் வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். ஆய்வகம் தன் வேலையைச் செய்துவிட்டது. வீட்டு வாசலில் பிரித்து வாங்கி, நறுக்கும் இடம் வரை கொண்டு சேர்க்கும் வழியில் எங்கே அறுபடுகிறது என்று 100 வார்டுகளில் ஒரு பத்தையாவது தொடர்ந்து பார்க்கும் வணிகவியல், சமூகப்பணித் துறைகள் வேண்டும்.

இருவரும் தங்கள் பாடத்தை விட்டு வெளியே போய்ச் சேவை செய்யவில்லை. தங்கள் பாடத்தையே ஊருக்குள் கொண்டுபோனார்கள். திண்டுக்கல் சாலையில் உள்ள காந்திகிராமம் இதை ஒரு நிறுவனமாகவே செய்து பார்த்த இடம். மருத்துவர் சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய அந்த இடத்தில் கற்பித்தல், ஆராய்ச்சி இரண்டோடு விரிவாக்கப் பணியும் சம எடையில் வைக்கப்பட்டது. எந்தத் துறை மாணவரானாலும் கிராமத்தில் தங்கிவிட்டு வர வேண்டும். லேடி டோக் கல்லூரியும் சேவைவழிக் கற்றலைப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. வழிகாட்டியைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. போனாலும் மெக்சிகோ வரை போகலாம். அங்கே பட்டம் வாங்கச் சமூகப் பணி 1945இலிருந்தே சட்டப்படி கட்டாயம், இன்று குறைந்தது 480 மணி நேரம். அங்கும் பலர் அலுவலகத்தில் எடுபிடி வேலை செய்து மணிக்கணக்கை நிரப்பிவிடுகிறார்கள் என்ற குறை உண்டு. மணி நேரத்தைக் கூட்டினால் மட்டும் போதாது என்பதற்கு அது சாட்சி.

நம் ஆசிரியர்களின் நிலைமையையும் பார்க்க வேண்டும். பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரைகள்தான் எண்ணப்படுகின்றன. ஒரு கண்மாயைப் பற்றிப் பத்தாண்டுக் கணக்கு வைத்திருப்பவருக்கு அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளைத் தாங்கிப் பிடித்திருப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த ஆண்டு இதே கல்லூரியில் இருப்போமா என்று தெரியாதவரிடம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஒப்படைக்க முடியாது. காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தள்ளிப்போன காலத்தில் ஊருக்கு வாருங்கள் என்று யாரை அழைப்பது? அரசு இதைச் சரிசெய்யாமல் சமூகப் பொறுப்பு பற்றிச் சுற்றறிக்கை அனுப்புவதில் பயனில்லை. சரிபார்க்கப்பட்ட கள அறிக்கை ஒன்றை ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு இணையாக எண்ணுங்கள். திட்ட அலுவலரின் வகுப்பு நேரத்தைக் குறையுங்கள். இந்த இரண்டையாவது உடனே செய்யலாம்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. நம் பக்கத்து ஊருக்குள் போவது சாதிக்குள் போவது. முகாம் எந்தத் தெருவில் தங்குகிறது, எந்தத் தெருவில் சாப்பிடுகிறது என்பதை ஊர் கவனிக்கிறது. 1997இல் பட்டியல் சாதியைச் சேர்ந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட மாவட்டம் இது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு முறையாகத் தேர்தல் நடக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்மாய்க் கணக்கெடுக்கப் போகும் மாணவர், மீன் குத்தகை யாருக்கு, கடைமடை நிலம் யாருடையது, கிராம சபையில் யார் நின்றுகொண்டிருக்கிறார், யார் நாற்காலியில் இருக்கிறார் என்பதையும் எழுத வேண்டும். இது சங்கடமான வேலை, சில இடங்களில் ஆபத்தான வேலை. ஆகவே மாணவரைத் தனியே அனுப்பக் கூடாது. ஆசிரியர் கூட இருக்க வேண்டும், கல்லூரி எழுத்தில் பொறுப்பேற்க வேண்டும்.

சட்டக் கல்லூரிக்கு ஊருக்குள் போகவே தேவையில்லை. மக்கள் குறைதீர் நாளான திங்கட்கிழமை காலை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் மாவட்டமே அங்கே வந்திருக்கும். மனு எழுதுபவரிடம் காசு கொடுத்து, பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் ஒரே மாதிரியான வாசகத்தில் எழுதி வாங்கி வரிசையில் நிற்பார்கள். நான்கு மாணவர்கள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, எந்தத் துறை, எந்த விதி, முந்தைய மனுவின் எண் என்ன என்று விசாரித்து எழுதிக் கொடுத்தால் அந்த மனுக்களில் பாதி அலைச்சல் குறையும். அதே மாணவர்கள் மூன்று மாதம் கழித்து அந்த மனு என்ன ஆனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், அது அவர்களுக்கு நிர்வாகச் சட்டத்தின் சிறந்த பாடம்.

கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுக்கள் கூடி, பகுதி 5 கிரெடிட்டை ஏழு நாள் அறிக்கைக்குக் கொடுக்காமல், ஒரே இடத்தைப் பற்றிய தொடர் பதிவேட்டுக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டும். ஓராண்டு மாணவர் எழுதியதை அடுத்த ஆண்டு மாணவர் சரிபார்த்து, மாற்றத்தைக் குறித்து, கையெழுத்திட வேண்டும். ஒரு படி துறையில், ஒரு படி ஊராட்சி அல்லது வார்டு அலுவலகத்தில், ஒரு படி நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில். அங்கே மதுரை மாவட்டத்தின் ஊர்களுக்கென்று ஓர் அலமாரி ஒதுக்கலாம். எழுதியதை ஊரார் முன் படித்துக் காட்டி, தவறு இருந்தால் திருத்திக்கொள்வதும் கட்டாயமாக வேண்டும். அதற்கு ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் இருக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேர்வு முடிந்து பிள்ளைகள் ஊரில் இருக்கும் சமயம் மே 1. கேள்விப் படிவம் ஏப்ரலுக்குள் அச்சாகிவிட்டால், அன்றைய கூட்டத்திலேயே கண்மாய் பற்றிய முதல் கேள்வியைக் கேட்டு எழுதத் தொடங்கலாம்.